ஐப்பசி மழையில் வடக்கு ஏரிக்கு: தெமெங்கோரில் செபாராவ்

தீபகற்ப மலேசியாவின் வடபகுதியில் தூண்டில்காரர்கள் தேடிப் போகும் பெரிய ஏரிகள் மூன்று. பேராக்கில் தெமெங்கோர், திரெங்கானுவில் கென்யிர், கெடாவில் பெடு. மூன்றுமே அணை கட்டியதால் உண்டான நீர்த்தேக்கங்கள். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வார இறுதியோடு இன்னொரு நாள் விடுப்பு சேர்த்துக்கொண்டால் எதற்கும் போய்வரலாம். ஆனால் அக்டோபர், நவம்பர் மாதங்களுக்கு எந்த ஏரி என்று கேட்டால் என் பதில் தெமெங்கோர்தான். நவம்பர் நடுவில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையைக் கென்யிர் நேராக முகத்தில் வாங்கிக்கொள்கிறது. பெடுவின் நீர் மூடா பாசனத் திட்டத்துக்கு உரியது. கெடாவின் நெல்வயல்கள் கேட்கும்போது அங்கே மட்டம் இறங்கும், தூண்டில்காரர் வசதியை யாரும் பார்ப்பதில்லை. தெமெங்கோர் நடு மலைத்தொடருக்கு மேற்கே இருக்கிறது. பருவமழையின் முழு வேகத்தை மலை தடுத்துவிடும். அதற்கு முந்தைய இடைப்பருவத்தில் பிற்பகல்தோறும் இடியோடு இறங்கும் மழைதான் இந்த ஏரியை நிரப்புகிறது.

இதே மாதங்களில் வட அமெரிக்காவின் ஏரிகளில் இலையுதிர்காலம். டொரோண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் சிறுவாய் பாஸ் மீனைத் தேடிப் போகும் உறவினர்கள் நம்மில் பலருக்கு இருக்கிறார்கள். அங்கே கணக்கு குளிர். நீர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கியதும், வரப்போகும் பனிக்காலத்துக்காகப் பாஸ் மீன் தின்று கொழுக்கும், ஆழமான பாறைச் சரிவுகளில் கூட்டமாகச் சேரும். அந்த ஊர்க் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்து ஆழத்தில் தேடுகிறவர்கள் நிறையப் பேர். நம் ஏரியின் மேல்நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 30 டிகிரியிலேயே இருக்கிறது. குளிர் இங்கே மீனை நகர்த்துவதில்லை. மழை நகர்த்துகிறது. ஏறும் மட்டமும் மாறும் நிறமும்தான் நமக்குப் பருவம். தெமெங்கோரில் ஐப்பசியில் மீன் பிடிக்க வேண்டுமானால் முதலில் தண்ணீரைப் படிக்கத் தெரிய வேண்டும். கம்பும் ரீலும் அதற்குப் பிறகு.

புரட்டாசி விரதம் இருக்கும் வீடுகளில் அந்த மாதம் மீன் வாசனையே கிடையாது. அக்டோபர் நடுவில் விரதம் முடிகிறது, அடுத்த சில வாரங்களில் தீபாவளி. அந்த இடைவெளியும் தீபாவளிக்குப் பிந்தைய இரண்டு வாரங்களும் நம்மவர்களுக்கு வசதியான காலம். ஏரிக்கும் அதுவே நல்ல காலமாக அமைந்தது நம் பாக்கியம்.

ஏரியைப் பற்றிக் கொஞ்சம்

பேராக் ஆற்றின் குறுக்கே 127 மீட்டர் உயரத்தில் தெமெங்கோர் அணை எழுந்தது 1970களில். ஏரியின் பரப்பு ஏறத்தாழ 15,200 ஹெக்டர். தீபகற்பத்தில் கென்யிருக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். கெரிக்கையும் கிளந்தானின் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982இல் திறக்கப்பட்டது. அது பண்டிங் தீவின் வழியாக ஏரியைப் பாலங்களால் கடக்கிறது. பாலத்துக்கு வடக்கே அரச பெலும் மாநிலப் பூங்கா, 2007இல் அரசிதழில் அறிவிக்கப்பட்டது, 117,500 ஹெக்டர் காடு. தெற்கே தெமெங்கோர் வனக்காப்பகம். தூண்டில்காரர்களுக்கு இந்தப் பிரிவு மிக முக்கியம். வடக்கே போக பூங்காவின் அனுமதி வேண்டும், அங்கே கட்டுப்பாடும் அதிகம்.

காட்டை முழுவதும் வெட்டி அகற்றிய பிறகு நிரப்பிய ஏரி அல்ல இது. மூழ்கிய மரங்கள் இன்றும் நட்டநடு நீரில் மொட்டையாக நிற்கின்றன. சில நீருக்கு ஒரு முழம் கீழே ஒளிந்திருக்கின்றன. கரையோரம் சரிந்து விழுந்து கிடக்கும் மரக்குவியலை மலாய்த் தூண்டில்காரர்கள் ரெபா என்பார்கள். படகோட்டியோடு பேச இன்னும் இரண்டு சொற்கள் போதும்: கரை உள்வாங்கி நிற்கும் குறுகிய நீர்மடிப்பு சுவாக், ஆறு ஏரியில் கலக்கும் இடம் கோல. “பாங், கோல தண்ணி கலங்கிடுச்சா?” என்று காலையில் கேட்டுவிட்டாலே நீங்கள் விஷயம் தெரிந்தவர் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

இந்தக் கரைகள் யாருடையவை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வடக்கே ஜஹாய், தெற்கே தெமியார் பழங்குடி மக்கள் அணைக்கு முன்பிருந்தே இங்கே வாழ்கிறார்கள். அணை நிரம்பியபோது பலர் மறுகுடியமர்த்தப்பட்டார்கள். பண்டிங்குக்கு அருகே உள்ள பானுன், தெற்கே உள்ள கெமார் ஆகியவை அப்படி அமைந்த குடியிருப்புகள். நாம் பொழுதுபோக்காகப் பிடிக்கும் மீன் அவர்களுக்கு அன்றாட உணவு. அவர்கள் வலை கட்டிய சுவாக்கில் தூண்டில் வீசாதீர்கள். கிராமத்துக்கு எதிரே படகு வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மழை ஏரியை என்ன செய்கிறது

இதுதான் இந்த அத்தியாயத்தின் நடுப்பகுதி. மெதுவாகப் படியுங்கள்.

ஆண்டின் நடுவில், மழை குறைந்த மாதங்களில், தெமெங்கோரின் மட்டம் இறங்கிக் கரையைச் சுற்றிச் செம்மண் பட்டையாகத் தெரியும். அந்த மண்ணில் புல்லும் செடியும் முளைக்கும். அக்டோபரில் மட்டம் ஏறத் தொடங்கியதும் அந்தப் பசுமை அத்தனையும் நீருக்குள் போகிறது. புழு, பூச்சி, வெட்டுக்கிளி எல்லாம் நீரில். சிறுமீன் அதைத் தேடிப் புல்லுக்குள் நுழைகிறது. சிறுமீனைத் தேடிச் செபாராவ் என்னும் வேட்டை மீன் பின்னாலேயே வருகிறது. ஆகவே ஐப்பசியில் மீன் கரைக்கு வருகிறது. வட அமெரிக்க நூல்கள் சொல்வதற்கு நேர் எதிர்.

ஆனால் மட்டம் வேகமாக ஏறும் நாட்களில் ஏமாற்றமே மிஞ்சும். நேற்று கரையாக இருந்த இடம் இன்று இடுப்பளவு நீர், நாளை கழுத்தளவு. மீன் ஓரிடத்தில் நில்லாமல் புதர்களுக்குள் சிதறிப் பரவுகிறது. எல்லாப் பக்கமும் உணவு கிடக்கும்போது உங்கள் தகரத் துண்டை அது ஏன் துரத்த வேண்டும்? பெருமழை ஓய்ந்து, மட்டம் இரண்டு மூன்று நாட்கள் அசையாமல் நின்ற பிறகு மீன் மறுபடி வழக்கமான இடங்களைப் பிடித்துக்கொள்ளும். புறப்படுவதற்கு முதல் நாள் படகுக்காரருக்கு அழைத்து, “தண்ணி ஏறுதா, நிக்குதா?” என்று மட்டும் கேளுங்கள். ‘மீன் இருக்கிறதா’ என்று கேட்டால் படகு வாடகைக்கு விடும் எவரும் இல்லை என்று சொல்லமாட்டார். கரைக்கு நேராக ஒரு குச்சியை நட்டு, இரவு எங்கே நின்றது, காலையில் எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம்.

அடுத்தது நிறம். காட்டில் பெருமழை பெய்த மறுநாள் ஆறுகள் தே தாரிக் நிறத்தில் வந்து ஏரியில் விழும். புதியவர்கள் அதைப் பார்த்ததும் “போச்சு, தண்ணி கெட்டுப்போச்சு” என்று படகைத் திருப்பச் சொல்வார்கள். திருப்பாதீர்கள். காட்டாற்று நீர் ஏரி நீரைவிடக் குளிர்ச்சி. மண்ணும் சேர்ந்திருப்பதால் கனமும் அதிகம். அது ஏரியின் மேல்நீரோடு உடனே கலப்பதில்லை. சிறிது தூரம் கலங்கலாக ஓடி, ஒரு கட்டத்தில் தெளிந்த சூடான மேல்நீருக்கு அடியில் புகுந்துவிடுகிறது. புகும் இடத்தில் மேலே மிதந்து வந்த இலை, சுள்ளி, நுரை எல்லாம் ஒதுங்கி ஒரு கோடாக நிற்கும். அந்தக் கோட்டைத் தேடுங்கள். ஆறு அடித்துக்கொண்டு வந்த பூச்சியும் பழமும் அங்கே சேர்கின்றன. அவற்றை மொய்க்கச் சிறுமீன்கள் வருகின்றன. தெளிந்த பக்கத்தில், கலங்கலின் நிழலை ஒட்டிச் செபாராவ் காத்திருக்கிறது. தன்னை மறைத்துக்கொண்டு இரையைப் பார்க்க அதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கலங்கலுக்கு நடுவே வீசிப் பயனில்லை, தெளிவுக்கு நடுவே வீசியும் அவ்வளவாகப் பயனில்லை. கோட்டை ஒட்டி, கோட்டுக்கு இணையாக வீச வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. வெப்பநாட்டு ஏரிகளில் சூடான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் தனித்தனி அடுக்காக நிற்கும். மூழ்கிய காடு மக்கும் அடி அடுக்கில் உயிர்வளி மிகக் குறைவு. அணையருகே எவ்வளவு ஆழம் இருந்தாலும் செபாராவ் போன்ற ஓடி வேட்டையாடும் மீன் வாழ்வது மேலே உள்ள சில மீட்டர்களில்தான். பெரிய புயல்மழை அடுக்குகளைக் கலைத்துவிட்டால் மேல்நீரிலும் உயிர்வளி குறைந்து மீன் சோர்ந்துவிடும். அப்போது பாறைகளில் மோதி நுரைத்து வரும் ஆற்று வாய்தான் அதற்குப் புகலிடம். ஆகவே மழை அதிகமானாலும் கோல, குறைந்தாலும் கோல. சந்தேகம் வந்தால் ஆற்று வாய்க்குப் போங்கள்.

எந்த மீன்

செபாராவ் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் புல் மேயும் கெண்டை அல்ல, வேட்டைக்காரன். வெள்ளி உடல், முதுகுத் துடுப்புக்குக் கீழே குறுக்காக ஒரு கரும்பட்டை, ஓரம் கறுத்த சிவந்த வால். 70 சென்டிமீட்டர் வரை வளரும். ஒரு கிலோ மீன் நல்ல மீன். மூன்று கிலோ மீனைக் கண்டவர்கள் அதைப் பற்றிப் பல ஆண்டுகள் பேசுவார்கள். கடித்த அடுத்த நொடியில் மரக்குவியலை நோக்கி ஒரே பாய்ச்சல். அந்த முதல் ஐந்து நொடிகளில் அதை நிறுத்த முடிந்தால் மீன் உங்களுடையது. முடியாவிட்டால் நூல் அறுந்துவிடும். சிறுவாய் பாஸைத் தேடிப் போகிறவர்களுக்கு அந்த மீன் மேல் இருக்கும் மோகத்தை இங்கே நமக்குக் கொடுப்பது செபாராவ்தான்.

தோமான் வேறு இனம், வேறு கணக்கு. நம் விரால் குடும்பத்தின் ராட்சதன், ஒரு மீட்டருக்கு மேல் வளரும், பற்கள் கத்தி. காற்றைச் சுவாசிக்க அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும். அமைதியான சுவாக்கில் பெரிய வளையம் ஒன்று எழும்பினால் அந்த வளையத்தின் மீது வீசாமல், அது போகும் திசையில் இரண்டு மீட்டர் முன்னால் வீசுங்கள். ஆனால் நீர்ப்பரப்பில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தால் கம்பைக் கீழே வையுங்கள். அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன. குஞ்சைக் காக்கும் வெறியில் அவை எதை வீசினாலும் கடிக்கும். அப்படிப் பிடிப்பது எளிது, அதனால்தான் கூடாது. பெற்றோரை எடுத்துவிட்டால் அந்தக் குஞ்சுக் கூட்டம் மற்ற மீன்களுக்கு ஒரே நாள் தீனி.

கெலா என்ற மீன், ஆறுகளின் மேற்பகுதியில், பாறை நீரோட்டத்தில் வாழ்வது. பூங்காவுக்குள் கெலாவுக்கென்று காக்கப்படும் ஆறுகள் இருக்கின்றன, அங்கே தூண்டில் கூடாது. வேறிடத்தில் தவறி மாட்டினாலும் விட்டுவிடுங்கள். மிக மெதுவாக வளரும் இனம் அது.

கம்பு, நூல், போலி இரை

கிள்ளான் துறைமுகத்திலும் கேத்தாம் தீவிலும் கடல் மீன் பிடித்துப் பழகியவர்கள் கொண்டுவரும் தடித்த கம்பு செபாராவுக்கு உதவாது. நாள் முழுவதும் வீசிக்கொண்டே இருக்கப்போகிறீர்கள். மாலைக்குள் தோள் விட்டுப்போகும். ஆறு முதல் ஆறரை அடி, நடுத்தர வலுவுள்ள கம்பு போதும். ரீல் 2000 அல்லது 2500 அளவு. நூல் 15 முதல் 20 பவுண்டு பின்னல் நூல். அதன் முனையில் ஒரு பாக நீளத்துக்கு 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர். பின்னல் நூல் மரத்தில் உரசினால் உடனே அறுந்துவிடும், லீடர் அந்த உரசலைத் தாங்கும். இரண்டையும் சேர்க்கும் முடிச்சை வீட்டில் கட்டிப் பழகுங்கள். ஆடும் படகில், மழையில், மீன் பொங்கும் நேரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. டிராக்கை நூல் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு இறுக்கி வையுங்கள். மற்ற மீன்களுக்குக் கால் பங்கு போதும் என்பார்கள். செபாராவுக்கு அது குறைவு.

தோமானுக்கு இன்னொரு கம்பு வேண்டும். 40 பவுண்டு பின்னல் நூல், பல் அறுக்காத தடித்த லீடர், ரப்பர் தவளை. ஒரே கம்பில் இரண்டையும் சமாளிக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

கெவாங் என்று எல்லோரும் சொல்லும் போலி மீன்களில் பெட்டி பெட்டியாகப் பணம் போக வேண்டியதில்லை. 7 முதல் 14 கிராம் வரை சில ஸ்பூன்கள், இரண்டு மீட்டர் ஆழம் வரை இறங்கும் இரண்டு மூன்று கெவாங்குகள், சுழலும் தகடுள்ள ஒன்றிரண்டு. தெளிந்த நீருக்கு வெள்ளி, கலங்கலுக்குச் செம்பும் தங்கமும். கலங்கலில் மீன் கண்ணைவிட உடல் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டையே நம்புகிறது. அதிர்வு கொடுக்கும் சுழல்தகடு அங்கே ஸ்பூனைவிட நன்றாக வேலை செய்யும். வாங்கியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று: மும்முனைக் கொக்கிகளைக் கழற்றிவிட்டு வலுவான ஒற்றைக் கொக்கி மாட்டி, அதன் எதிர்முள்ளைக் குறடால் நசுக்குங்கள். மரத்தில் சிக்குவது பாதியாகக் குறையும். மீனுக்கும் உங்கள் விரலுக்கும் காயம் குறைவு. மருத்துவமனை ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் இடத்தில் விரலில் மும்முனைக் கொக்கி ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீசிப் பழக ஏரி தேவையில்லை. வீட்டுக்கு அருகே உள்ள திடலில், கொக்கி இல்லாத ஸ்பூனைக் கட்டி, இருபது மீட்டர் தூரத்தில் ஒரு வாளியை வைத்து அடியுங்கள். தெமெங்கோரில் மீன் பிடிப்பவருக்கும் பிடிக்காதவருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஒரு அடி துல்லியம்தான். மரத்தை ஒட்டி விழுந்தால் மீன், ஒரு மீட்டர் தள்ளி விழுந்தால் வெறும் பயிற்சி.

வீசும் முறை

விடியல் காலை ஏழு மணி வாக்கில். முதல் வெளிச்சத்தில் படகு இடத்தில் நின்றிருக்க வேண்டும், கரையிலிருந்து புறப்பட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஏழிலிருந்து ஒன்பதரை வரை, பிறகு மாலை ஐந்திலிருந்து இருட்டும் வரை. நடுப்பகலில் சாப்பிட்டுத் தூங்குங்கள். மேகம் மூடிய நாளில் மட்டும் பகலிலும் மீன் ஓடும். ஐப்பசியில் அப்படிப்பட்ட நாட்கள் நிறையக் கிடைக்கும், இந்தப் பருவத்தின் சிறப்பே அதுதான்.

ஆற்று வாயை நெருங்கும்போது இயந்திரத்தை நூறு மீட்டருக்கு முன்பே அணைக்கச் சொல்லிவிட்டுத் துடுப்பால் நகருங்கள். கோட்டின் தெளிந்த பக்கம் நின்று, கோட்டுக்கு இணையாக வீசி, ஸ்பூனை மூன்று எண்ணும் வரை மூழ்கவிட்டு, பிறகு வேகமாகச் சுற்றுங்கள். செபாராவ் தப்பி ஓடும் இரையைத்தான் துரத்தும், மெதுவாக வருவதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். கலங்கலின் ஓரத்தில் வீசும்போது மட்டும் வேகத்தைப் பாதியாக்குங்கள். ஓரிடத்தில் பத்து வீச்சில் ஒன்றும் இல்லையென்றால் நகருங்கள். ஒன்று கடித்தால் அங்கேயே நில்லுங்கள், அது தனியாக வருவதில்லை. திடீரென்று சிறுமீன் சிதறிப் பறந்து நீர்ப்பரப்பு பொங்கினால், பொங்கலின் நடுவில் வீசாமல் அதன் அப்பாலுள்ள ஓரத்தில் வீசி உள்ளே இழுத்துக்கொண்டு வாருங்கள். நடுவில் விழும் சத்தம் கூட்டத்தையே கலைத்துவிடும்.

மாட்டியதும் கம்பைத் தூக்கி நின்று படம் எடுக்கச் சொல்லாதீர்கள். கம்பை மரத்துக்கு எதிர்த் திசையில் பக்கவாட்டில் சாய்த்து, மீனின் தலையைத் திறந்த நீர்ப் பக்கம் திருப்புங்கள். படகோட்டி நல்லவராக இருந்தால் அதற்குள் படகை வெளியே எடுத்துவிட்டிருப்பார்.

போகும் வழியும் அனுமதியும்

டாமான்சாரா டோலில் ஏறினால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கோலகங்சார் வரை. அங்கே இறங்கி லெங்கோங், கெரிக், பிறகு கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பண்டிங். மொத்தம் 380 கிலோமீட்டர் அளவில், ஏறத்தாழ ஐந்து மணி நேரம். நேரம் இருந்தால் ஈப்போ வடக்கில் இறங்கிப் பழைய சாலையில் சுங்கை சிப்புட் வழியாகப் போகலாம். காலைத் தோசைக்கு அதைவிட நல்ல இடம் அந்த வழியில் இல்லை என்பது என் கருத்து. எண்ணெயைக் கெரிக்கிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பாலத்தைத் தாண்டிக் காட்டுக்குள் போனால் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைப்பது அரிது. எங்கே போகிறீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கெரிக்கிலிருந்து பண்டிங் வரையான சாலையை இரவில் ஓட்டாதீர்கள். யானைகள் கடக்கும் சாலை அது. வளைவும் இறக்கமும் பனிமூட்டமும் உண்டு. 2025 ஜூன் மாதம் நள்ளிரவுக்குப் பின் பேருந்து கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் உயிரிழந்தது இந்தச் சாலையில்தான். வேலை முடிந்து வெள்ளிக்கிழமை இரவே ஓடிவிட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். ஈப்போவிலோ கோலகங்சாரிலோ தங்கி விடிந்த பிறகு ஏறுங்கள்.

பாலத்துக்கு வடக்கே அரச பெலுமுக்குள் நுழைய பேராக் மாநிலப் பூங்கா வாரியத்தின் அனுமதி வேண்டும். படகு வீடு வாடகைக்கு விடுபவர்கள் பெரும்பாலும் அதை எடுத்துத் தருவார்கள். குழுவில் உள்ள எல்லோருடைய அடையாள அட்டை விவரத்தையும் இரண்டு வாரங்களுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். தூண்டில் எங்கே அனுமதி, எந்த மீனை விட வேண்டும் என்ற விதிகள் மாறக்கூடியவை, பதிவு செய்யும்போதே கேளுங்கள். தீபாவளி விடுமுறைக்குப் படகு வீடு கிடைப்பது கடினம். எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தால் படகு வீடும் அதோடு வரும் சிறு படகுகளும் தலைக்குக் கட்டுப்படியாகும். ஒரு சிறு படகில் படகோட்டியைத் தவிர வீசுகிறவர்கள் இரண்டு பேர், மூன்றாமவர் வேண்டாம்.

மழைக்காலத்தின் ஆபத்துகள்

பிற்பகல் இடி தொலைவில் கேட்டதுமே நிறுத்திவிடுங்கள். கார்பன் கம்பு மின்சாரம் கடத்தும். திறந்த நீரில் நிமிர்த்திப் பிடித்த கம்புதான் சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள். காப்பு மேலுடையை உட்கார்ந்துகொள்ள மெத்தையாக வைக்காமல் உடம்பில் போட்டுக் கொக்கியையும் மாட்டுங்கள். மூழ்கிய மரத்தில் வேகமாக மோதும் படகு எச்சரிக்கை கொடுப்பதில்லை.

ஆற்று வாயில் மணல்திட்டில் கூடாரம் போடாதீர்கள். நீங்கள் இருக்குமிடத்தில் வானம் தெளிவாக இருக்கும், மேலே மலையில் பெய்த மழை ஒரே அலையாக வந்துவிடும். கெபாலா ஆயர் என்று மலாய்க்காரர்கள் அஞ்சும் பெருக்கு அதுதான். ஆற்று நீர் திடீரென்று கலங்கினாலோ, இலைகளும் கட்டைகளும் கூட்டமாக வரத் தொடங்கினாலோ, பொருட்களை விட்டுவிட்டு மேட்டில் ஏறுங்கள்.

காலில் புண் இருந்தால் நீரில் இறங்காதீர்கள். மழைக்குப் பின் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நம் நாட்டில் உயிரை வாங்கும் நோய். திரும்பி வந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலும் தசைவலியும் வந்தால், காட்டு ஏரிக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். டெங்கி என்று மட்டும் நினைத்துவிடாமல் இருக்க அது உதவும்.

பிடித்த பிறகு

செபாராவில் இடைமுள் அதிகம். சுவை உண்டு, ஆனால் குழந்தைகளுக்குக் கொடுக்க முடியாத மீன். சாப்பாட்டுக்குத்தான் வேண்டும் என்றால் இரவில் படகு வீட்டிலிருந்தே அடித்தூண்டில் போட்டுப் பாவுங் பிடியுங்கள். முள் குறைந்த கெளிற்று வகை, புளிக்குழம்புக்கு அதற்கு நிகர் இல்லை. பேராக்கில் அதையே தெம்போயாக்கில் சமைப்பார்கள். படகோட்டி வீட்டில் கொடுத்தால் மறுக்காதீர்கள். அன்றைய சாப்பாட்டுக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும். பனிப்பெட்டி நிறைய மீன் ஏற்றிக்கொண்டு பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்து அக்கம்பக்கத்தில் பங்கிடும் வழக்கம் நிற்க வேண்டும். வெடி, விஷம், மின்சாரம் கொண்டு மீன் பிடிப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். அப்படி யாராவது செய்வதைக் கண்டால் அவர்களோடு வாக்குவாதம் செய்யாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு கரைக்கு வந்து புகார் கொடுங்கள்.

விடப்போகும் மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். உலர்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும், பிறகு பூஞ்சை பிடிக்கும். படம் எடுப்பவரைத் தயாராக நிற்கச் சொல்லிவிட்டுத் தூக்குங்கள், உங்களால் மூச்சை அடக்க முடிகிற நேரத்துக்கு மேல் மீன் வெளியே இருக்கக் கூடாது. நீரில் தலையை முன்னால் வைத்துப் பிடித்து, அது தானே உதறிக்கொண்டு போகும் வரை விடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இளைஞர்களுக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் நீங்கள் பிடித்து விளையாடும் ராஜா மீன் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. போன இடத்தில் உள்ளூர்ச் சிறுமீன்களைத் துடைத்துவிடும் இனம். சிறுவாய் பாஸ் கதையும் அதுவே. ஜப்பான் ஏரிகளில் யாரோ கொண்டுவந்து விட்ட அந்த மீன் பெருகி, 2005இல் அந்நாட்டு அரசு அதை ஆக்கிரமிப்பு இனமாக அறிவிக்கும் நிலை வந்தது. எனவே உயிருள்ள எந்த மீனையும், இரைக்காக எடுத்துப்போகும் சிறுமீனைக்கூட, ஒரு நீரிலிருந்து எடுத்து வடக்கு ஏரிகளில் விடாதீர்கள். அறுந்த தங்கூசியையும் பின்னல் நூலையும் ஒரு பையில் சுற்றித் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செபாராவையும் அதே கோலவில் விட்டுவிடுங்கள், அதிகம் முட்டையிடுவது பெரிய பெண் மீன்தான்.